மயிற்பொறி இறங்கும் இடம்

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் திருமுடிவாக்கத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். இளங்கலை இயற்பியல் படித்த நாட்களில் பகுதி ஒன்று தமிழுக்காக என் வகுப்பில் அமர்ந்தவர்; இப்போது கட்டுமான வரைபடங்கள் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறார். சுருட்டிக் கொண்டுவந்திருந்த தாளொன்றைக் கூடத்தில் விரித்தார். தாம்பரம் ரயில் நிலையத்தில் தொடங்கி, தர்காஸ் பக்கமாக, ஒருகாலத்தில் கிஷ்கிந்தா கேளிக்கைப் பூங்கா கொடிகட்டிப் பறந்த நிலம்வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு கோடு. கோட்டில் புள்ளிபுள்ளியாகத் தொங்கும் பெட்டிகள். கோட்டின் முடிவில் புதியதொரு பூங்கா, அதைச் சுற்றித் தங்கும் விடுதிகள்.

"யாரும் கேட்டு வரைந்ததில்லை ஐயா. என் ஆசைக்கு வரைந்தது. பூங்காவுக்கும் விடுதிகளுக்கும் போக ஒரு கொண்டோலா. இதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்" என்றார்.

பெயர் கேட்டு வந்தவரைக் கேள்விகள் கேட்டே இரவு ஒன்பது மணிவரை உட்கார வைத்துவிட்டேன். பொறியியல் எனக்குத் தெரியாத துறை. ஆயினும் அன்று பேசிக்கொண்டிருந்தபோது, இது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று என்று பட்டது. அதை எழுதி வைக்கவே இக்கட்டுரை.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள். வெனிஸ் நகரத்துக் கால்வாய்களில் ஓடும் நீண்ட படகுக்குக் கொண்டோலா என்று பெயர். எஃகு வடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டிக்கும் அப்பெயரே வந்து ஒட்டிக்கொண்டது. நமக்கு நன்கு அறிமுகமான ரோப் கார் பழநியில் ஓடுவது. அங்கே 1966-இல் விஞ்சும் 2004-இல் ரோப் காரும் வந்தன. அதில் சில பெட்டிகள் கூட்டமாகச் சேர்ந்து ஏறும். சில பெட்டிகள் கூட்டமாகச் சேர்ந்து இறங்கும். கொண்டோலாவின் இயக்கம் வேறு. அதன் வடம் நிற்பதே இல்லை. ஒவ்வொரு பெட்டியும் ஒரு கவ்வியால் வடத்தைப் பற்றியிருக்கிறது. நிலையத்துக்குள் நுழைந்ததும் கவ்வி வடத்தை விட்டுவிடுகிறது; பெட்டி நடைவேகத்துக்கும் கீழே குறைந்து ஊர்கிறது; மக்கள் இறங்கி ஏறுகிறார்கள்; கதவு மூடியபின் வேகம் கூடி, கவ்வி மறுபடியும் வடத்தைப் பற்றிக்கொள்கிறது. வடம் ஓடிக்கொண்டே இருக்க மனிதர்கள் நிதானமாக ஏறி இறங்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

அமெரிக்காவின் புளோரிடாவில், வால்ட் டிஸ்னி பூங்கா வளாகத்தில் 2019 செப்டம்பர் 29 அன்று இத்தகைய அமைப்பொன்று திறக்கப்பட்டது. ஸ்கைலைனர் என்பது அதன் பெயர். இரண்டு பூங்காக்களையும் நான்கு விடுதிகளையும் ஐந்து நிலையங்கள் வழியே அது இணைக்கிறது. பெட்டிகள் ஏறக்குறைய முந்நூறு. மாணவரின் கனவுக்கு மூலம் அதுவே. அதே டிஸ்னி நிறுவனத்தின் கலிபோர்னியாப் பூங்காவில் 1956 முதல் 1994 வரை இன்னொரு வட ஊர்தி இருந்தது. அது பூங்காவுக்குள்ளேயே ஓடிய ஒரு வேடிக்கை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை என் மாணவர் தம் தாளில் கவனிக்கவில்லை என்பதே என் முதல் குறை.

ராட்டினம் நின்றுபோனால் குழந்தை சிணுங்கும். அடுத்த விளையாட்டுக்கு அழைத்துப் போனால் மறந்துவிடும். போக்குவரத்து அப்படி அன்று. ஒருவரைக் காலையில் ஏற்றிக்கொண்டு போன வண்டி மாலையில் அவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கக் கடன்பட்டது. விளையாட்டில் நேர்ந்தால் ஏமாற்றம். போக்குவரத்தில் நேர்ந்தால் வாக்குத் தவறுதல். கொண்டோலாவை வரையத் தொடங்குகிறவர் தாம் வரைவது எது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மற்றவை யாவும் அந்தத் தீர்மானத்திலிருந்தே பிறக்கும்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. கிஷ்கிந்தா தொண்ணூறுகளின் நடுவில் உருவானது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தை 1984-இல் தயாரித்த நவோதயா அப்பச்சன் உருவாக்கிய பூங்கா அது. கம்பன் கிட்கிந்தை என்று எழுதிய வானர நகரின் பெயரைத் தாங்கியது. பள்ளியிலிருந்து எங்களை அங்கே அழைத்துப் போனார்கள். பகல் முழுவதும் என்னென்ன ஆடினோம் என்பது இப்போது சரியாக நினைவில் இல்லை. நினைவில் இருப்பது மாலை. எங்களை அழைத்துப்போக வேண்டிய வாடகை வண்டி வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. நனைந்த சீருடையோடு சாலையோரம் நின்றிருந்தோம். சின்ன வகுப்புப் பையன் ஒருவன் அழுதான். அவனைத் தேற்றிய ஆசிரியையின் முகத்திலும் பயம் தெரிந்தது. திரும்பி வருவதற்கு வழி உறுதியாக இருந்தால்தான் போன இடம் இன்பமாக இருக்கும் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

இனி அவருடைய தாளுக்கு வருவோம். அவர் வைத்த கணக்கு இது: ஒரு பெட்டியில் பத்துப் பேர், பன்னிரண்டு வினாடிக்கு ஒரு பெட்டி, மணிக்கு 300 பெட்டி, ஆகவே ஒரு திசையில் மணிக்கு 3,000 பேர். வடத்தின் வேகம் வினாடிக்கு ஐந்து மீட்டர் என்றால் ஐந்து கிலோமீட்டரைப் பதினேழு நிமிடத்தில் கடக்கலாம். அறுபது பேர் ஏறும் பேருந்தாக இருந்தால் மணிக்கு ஐம்பது பேருந்து விட வேண்டும். தாம்பரத்தின் மாலை நெரிசலில் அது நடக்கிற காரியமில்லை. தாளில் பார்த்தால் வடமே வெல்கிறது.

ஆனால் நம் குடும்பங்களை எனக்குத் தெரியும். நால்வர் ஒரு பெட்டியில் ஏறினால் அந்நியர் அறுவரை உள்ளே விட மனம் வராது. பாட்டி காலை நீட்ட வேண்டும், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று காரணங்கள் இருக்கும். அவற்றைப் பிழை என்றும் சொல்ல முடியாது. பெட்டிக்குச் சராசரி ஆறு பேர் என்று வைத்துக்கொண்டாலே 3,000 என்பது 1,800 ஆகிவிடுகிறது. பூங்காவுக்கு வருகிறவர்கள் காலையில் பிரிந்து பிரிந்து வருவார்கள். மூடும் நேரத்தில் ஒன்றாகத் திரும்புவார்கள். ஒரு பொங்கல் விடுமுறை மாலையில் 6,000 பேர் நிலைய வாசலில் திரண்டால், வரிசையின் கடைசியில் நிற்பவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். தாளிலோ அவர்கள் நிற்பதற்கு ஒரு கூரைகூட இல்லை. வானத்தில் போகும் பெட்டியை மிக அழகாக வரைந்திருந்தார். நிலையம் வெறும் சதுரமாக இருந்தது. இத்தகைய அமைப்பின் உயிர் நிலையத்தில்தான் இருக்கிறது. ஸ்கைலைனரின் சில நிலையங்களில் சக்கர நாற்காலியில் வருவோருக்கென ஒரு துணைத்தடம் உண்டு. பெட்டி அதில் ஒதுங்கி முழுவதுமாக நிற்கும். அவர்கள் பதற்றமின்றி ஏறிய பிறகே வரிசையில் சேரும். பிற பெட்டிகள் தாமதமாவதில்லை. இத்தகைய ஓர் ஏற்பாட்டை முதல் தாளிலேயே வரைய வேண்டும். கட்டி முடித்தபின் ஒட்டவைக்க இயலாது.

"நின்றுவிட்டால்?" என்பது என் அடுத்த கேள்வி. "மின்சாரம் போனால் டீசல் எஞ்சின் இருக்கிறது ஐயா" என்றார். சரியான விடைதான், ஆனால் பாதி விடை. அறுபது மீட்டருக்கு ஒன்றாகப் பெட்டிகள் தொங்கினால் அவருடைய கோட்டில் மொத்தம் 167 பெட்டிகள் இருக்கும். மாலையில் திரும்பும் திசையில் மட்டும் 83. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் என்றால் 830 பேர் வானத்தில். ஒரு பெட்டியில் இருப்பவர்களைக் கயிறு கட்டி இறக்க இருபது நிமிடம் என்றும், ஐந்து மீட்புக் குழுக்கள் என்றும் வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம். கடைசிப் பெட்டி காலியாக ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே எது பழுதானாலும் பெட்டிகளை மெல்ல மெல்லவேனும் நிலையத்துக்கு நகர்த்திக் கொண்டுவரும் மாற்று வழி ஒன்று, தேவையானால் இன்னொன்று, இருந்தே தீர வேண்டும். கயிற்று மீட்பு கடைசிப் புகலிடம்.

இது வெறும் அச்சம் அன்று. ஸ்கைலைனர் திறந்து ஒரு வாரம் முடிவதற்குள், 2019 அக்டோபர் 5 இரவு, ஒரு நிலையத்தில் பெட்டிகள் முட்டிக்கொண்டு தடம் நின்றது. பயணிகள் மூன்று மணி நேர அளவுக்கு மேலேயே இருந்தார்கள். சேவை மீண்டும் தொடங்க அக்டோபர் 14 ஆயிற்று. அங்கே உயிர்ச்சேதம் இல்லை. சிங்கப்பூரில் பேபர் மலையையும் செந்தோசாத் தீவையும் 1974 முதல் இணைத்துவந்த வடத்தில், 1983 ஜனவரி 29 அன்று கீழே கடலில் சென்ற துளைக்கப்பலின் கோபுரம் சிக்கியது. இரண்டு பெட்டிகள் விழுந்தன, எழுவர் மாண்டனர். நம் நாட்டில் ஜார்க்கண்டின் தேவ்கர் அருகே திரிகூட மலையில் 2022 ஏப்ரல் 10 அன்று வட ஊர்தி நின்றபோது பலர் ஒருநாளுக்கு மேல் தொங்கிக் கிடந்தனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்து மீட்டன. ஆயினும் மூவர் இறந்தனர்.

இவற்றைப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குச் சீவக சிந்தாமணி நினைவுக்கு வந்தது. அரசன் சச்சந்தன் வரப்போகும் கேட்டை அரசி விசயையின் கனவால் உணர்கிறான். கருவுற்றிருக்கும் அவள் தப்பிச் செல்ல ஒரு மயிற்பொறியைச் செய்விக்கிறான். வலப்பக்கம் திருகினால் மேலெழும், இடப்பக்கம் திருகினால் கீழிறங்கும். அதை இயக்க விசயைக்கு முன்கூட்டியே பயிற்சியும் தரப்படுகிறது. கட்டியங்காரன் படை சூழ்ந்த நாளில் அவள் அதிலேறிப் பறக்கிறாள். பகைவனின் வெற்றி முரசம் காதில் விழ, கணவன் மாண்டான் என்பதை அறிந்து மயங்குகிறாள். ஓட்டுபவள் நினைவிழந்த பின்னும் பொறி நொறுங்கி விழவில்லை. சுடுகாட்டில் வந்து இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான்.

வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் பறத்தலைப் பற்றியே கேட்பார்கள். அக்காலத்திலேயே விமானம் இருந்ததா என்று வியப்பார்கள். விமானம் இருந்ததற்குக் காப்பியம் சான்றாகாது. திருத்தக்கதேவர் ஒன்றை எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதற்கே அது சான்று. ஓட்டுபவள் மயங்கிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தக் கதையில் விடை இருக்கிறது. பறத்தலின் அழகைப் பாடத் தெரிந்த புலவர், இறங்குமிடத்தையும் சேர்த்தே அமைத்தார். நாம் பெட்டியின் கண்ணாடித் தரையையும் வண்ண விளக்கையும் முதலில் எண்ணுகிறோம். இறங்குமிடம் சுடுகாடாக இருந்தாலும் உயிரோடு இறங்க முடிய வேண்டும் என்பது அதற்கு முந்திய கவலை.

எங்கள் வட்டாரத்துக்கென்று தனிக் கவலைகளும் உண்டு. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகில் இருப்பதால் தாங்குகோபுரங்களின் உயரத்துக்கு அனுமதி வேண்டும். நினைத்த உயரத்தில் வடத்தைக் கட்ட முடியாது. முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். தரைமட்டத்தில் மின்பொறிகளை வைத்தால் முதல் பெருமழையோடு அமைப்பு முடிந்தது. ஸ்கைலைனர் பெட்டிகளில் குளிர்சாதனம் கிடையாது. ஓடும்போது புகும் காற்றே குளிர்ச்சி. நின்றால் அக்காற்றும் நிற்கும். கத்திரி வெயிலில் தாம்பரத்துக்கு மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி அரைமணி நேரம் அசையாமல் நின்றால் உள்ளிருக்கும் முதியவர் என்ன ஆவார்? இடி மின்னலின்போதும் கடுங்காற்றின்போதும் வடத்தை நிறுத்தியாக வேண்டும். பலமான காற்று வீசினால் பழநியில் ரோப் காரை நிறுத்துவதும், பராமரிப்புக்காக ஆண்டுதோறும் பல நாட்கள் மூடுவதும் பக்தர்களுக்குப் பழகிய செய்திகள். பழநியில் அப்போது படிக்கட்டும் விஞ்சும் இருக்கின்றன. மாணவரின் பூங்காவில் அந்த நேரத்துக்கு என்ன இருக்கிறது? வடம் நிற்கும் மாலைக்கென்று பேருந்துகளையும் அவை வந்து திரும்ப இடத்தையும் அதே தாளில் வரையாவிட்டால், என் பள்ளிக்கால மாலை பல்லாயிரம் பேருக்கு மீண்டும் நேரும்.

இன்னொன்றையும் சொல்லத் தயக்கமாக இருந்தது, ஆனால் சொன்னேன். 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தில் விபத்து நேர்ந்தது. அதில் ஏறியிருந்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். சோதனை என்பது பளுவை ஏற்றிப் பார்ப்பதுதான். அந்தப் பளு மணல் மூட்டையாக இருக்கலாம், தண்ணீர்ப் பீப்பாயாக இருக்கலாம். மனிதனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பார்வையாளரின் பாதுகாப்பை நாம் கணக்கிடுகிறோம். அவருக்கு முன்னால் ஏறிப் பார்ப்பவர், மழையில் கோபுரத்தின் மேல் ஏறி உருளைகளுக்கு எண்ணெய் இடுபவர், நள்ளிரவில் கடைசிப் பெட்டி வந்து சேரும்வரை விழித்திருப்பவர் ஆகியோர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வடத்தின் மேல் நாம் வைக்கும் நம்பிக்கை உண்மையில் இவர்கள்மேல் வைக்கும் நம்பிக்கையே.

கடைசியாக, அந்தக் கோட்டைப் பற்றிய என் பெரிய மனக்குறை. தாம்பரத்தில் ஒரு நிலையம், பூங்காவில் ஒரு நிலையம், நடுவே ஒன்றுமில்லை. அந்த ஐந்து கிலோமீட்டருக்கும் கீழே வீடுகள் இருக்கின்றன, பள்ளிகள் இருக்கின்றன. பூங்காவைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளினால் எங்கள் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. காலையிலும் இரவிலும் முறைமாற்றத்துக்கு ஓடும் தொழிலாளிகள். இவர்கள் அனைவரும் தலைக்கு மேலே பன்னிரண்டு வினாடிக்கு ஒரு பெட்டி போவதை அண்ணாந்து பார்ப்பார்கள். ஏற முடியாது. மலேசியாவின் கெந்திங் மலையில் 2016-இல் வந்த அவானா ஸ்கைவே ஓர் உல்லாச விடுதி வளாகத்துக்குப் போவதுதான். ஆயினும் வழியில் சின் சுவீ குகைக் கோயில் அருகே ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகிறவர் அங்கே இறங்கிக்கொள்ளலாம். பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் 2014 முதல் மக்களின் அன்றாடப் போக்குவரத்தே கொண்டோலாவில்தான் நடக்கிறது. அங்கே அது வேடிக்கைப் பொருளன்று; வேலைக்குப் போகும் வண்டி.

நடுநிலையம் வைத்தால் செலவு கூடும், நேரம் கூடும், பூங்காவின் 'தனித்தன்மை' குறையும் என்று முதலீட்டாளர் சொல்வார் என்றார் மாணவர். சொல்லலாம். அவர் பணத்தில் அவர் நிலத்துக்குள் மட்டும் ஓடும் வடமாக இருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். ஊரின் வானத்தை வாடகை இல்லாமல் கேட்கிறவர், ஊர்க்காரர் ஏறுவதற்கு ஒரு படியாவது வைக்க வேண்டும் என்பது அதிகப்படியான வேண்டுகோள் அன்று. கோபுரங்கள் நிற்பதற்குத் தெருவோரம் வேண்டும். மீட்புக் குழு நுழைவதற்குக் கொல்லைப்புறம் வேண்டும். நின்றுபோன பெட்டியிலிருந்து இறக்கப்படுகிறவருக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு வீட்டுத் திண்ணை வேண்டும். ஊரின் தயவில்லாமல் வடம் ஓடாது. திருநீர்மலைக்கு வந்த திருமங்கையாழ்வார், மலையை நீர் சூழ்ந்திருந்ததால் அது வடியும்வரை ஆறு மாதம் அருகிலேயே தங்கிக் காத்திருந்தார் என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். தங்க இடம் கொடுத்தது ஊர். அந்தத் திருநீர்மலைக் கோயிலுக்கே ரோப் கார் அமைக்கப் போவதாக அறநிலையத் துறை சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்தது. வரட்டும். ஏற முடியாத முதியவர்கள் பெருமாளைப் பார்க்க ஒரு வழி என்றால் அதைவிட நல்ல பயன் வேறென்ன?

நான் கொண்டோலாவுக்கு எதிரியல்லன். புகை இல்லை, சாலையை அடைக்காது, ஏரியின் மேலும் போகும், தூண் ஊன்றும் இடம்தவிர நிலம் கேட்காது. நெரிசலில் மூச்சுத் திணறும் புறநகருக்கு எண்ணிப் பார்க்கத் தக்க வழிதான். வழி என்று எண்ணி வரைய வேண்டும் என்பதே என் கட்சி. காட்சி தானாக வந்து சேரும்.

மாணவர் தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தபோது, "பெயர் சொல்லவே இல்லையே ஐயா?" என்றார். 'மயிற்பொறி' என்று வைக்கலாம் என்ற எண்ணம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது உண்மை. உடனே சொல்லவில்லை. நடுவில் ஒரு நிலையம், வாசலில் ஒரு கூரை, மழைக்கு நான்கு பேருந்து, இவற்றை வரைந்துகொண்டு வாருங்கள், பெயரைச் சொல்கிறேன் என்றேன். சிரித்தபடி வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்நேரத்தில் தாம்பரத்துக்குப் பேருந்து கிடைக்குமா என்று இருவருமே தெருமுனைவரை போய்ப் பார்த்தோம். இருபது நிமிடம் நின்ற பிறகு ஒரு ஷேர் ஆட்டோ வந்தது.